விண்ணைப் படம் பிடித்த வைணு பாப்பு
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆவடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கைப்பேசியால் நான் எடுக்கும் விண்மீன் படங்களில் தெருவிளக்கின் ஒளியே மிகுதி. சோர்வுறும்போதெல்லாம் வைணு பாப்புவை நினைத்துக்கொள்கிறேன்.

1927 ஆகஸ்டு 10-ல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால் இளமையிலேயே விண்மீன்களை ஆராயத் தொடங்கினார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2-ல் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஓராண்டே மூத்தவர்!

தாயகம் திரும்பியவர் 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். பின்னர் இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். அங்கே 1968-ல் பணி தொடங்கியது நம்மவர்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியில்தான். அடுத்து 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்க முனைந்தார். அது நிறைவுறுமுன் 1982 ஆகஸ்டு 19-ல் மியூனிக்கில் மறைந்தார். 1986-ல் அது அவர் பெயரையே தாங்கியது.

நண்பர்களே, அவருக்கு வானம் காட்ட வானியல் அறிந்த தந்தை இருந்தார். என் தந்தை பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஆயினும் நான் படமெடுக்கையில், தெருவிளக்கை மறைக்க அட்டையொன்றைப் பிடித்தபடி அருகில் நிற்கிறார். தொடங்குவதற்கு இது போதாதா?