கணித மேதை அலோன்சோ சர்ச்

'சர்ச்' என்றதும் நம் நினைவுக்கு வருவது தேவாலயமே. ஆனால் அச்சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்ட அறிஞர் ஒருவர் கணித உலகில் அழியாப் புகழ் பெற்றுள்ளார். அவரே அலோன்சோ சர்ச். கணிப்பொறி மொழிகளுக்கு அடித்தளமிட்ட சான்றோருள் இவரும் ஒருவர்.

இவர் 1903ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் பிறந்தார். இவருடைய தந்தையார் ஒரு நீதிபதி. கண்பார்வை குன்றியதால் அவர் பதவியைத் துறக்க நேர்ந்தது. அலோன்சோவும் பள்ளிப் பருவத்தில் ஏற்பட்ட விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆயினும் மனந்தளராது பயின்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1924இல், பார்வையற்ற பக்கமாக வந்த டிராம் வண்டி மோதி மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அங்கே செவிலியர் பயிற்சி பெற்றுவந்த மேரி என்னும் மங்கையைச் சந்தித்தார். மறு ஆண்டில் அவரையே மணந்தார். 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1929 முதல் 1967 வரை பிரின்ஸ்டனிலேயே ஆசிரியராகத் தொண்டாற்றினார்.

கணிதம் முழுவதையும் ஒரு சில விதிகளின்மேல் கட்டியெழுப்ப விரும்பிய சர்ச், 1932இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை இரட்டிப்பாக்கித் தருவது ஒரு விதி. இத்தகைய விதிகளைக் குறிக்க லாம்டா என்னும் கிரேக்க எழுத்தை அவர் பயன்படுத்தினார். எனவே அது 'லாம்டா கால்குலஸ்' எனப் பெயர் பெற்றது.

1935இல் பேரிடி விழுந்தது. அம்முறையில் முரண்பாடு உள்ளது என்று கிளீனி, ராஸர் என்ற இருவர் நிறுவினர். அவ்விருவரும் சர்ச்சின் சொந்த மாணவர்களே! ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? பழுதான பகுதியை நீக்கிவிட்டு, பழுதற்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அதே ராஸருடன் சேர்ந்து ஓர் அரிய தேற்றத்தை வெளியிட்டார்.

அத்தேற்றம் கூறுவது யாது? இரண்டையும் மூன்றையும் கூட்டி, நான்கையும் ஒன்றையும் கூட்டி, இரு விடைகளையும் பெருக்குவதாகக் கொள்வோம். எந்த அடைப்புக்குறியை முதலில் நீக்கினாலும் விடை 25தான். அதுபோலவே லாம்டா கணக்கிலும், எவ்வழியில் சென்று முடித்தாலும் விடை ஒன்றே.

ஆனால் முடியாத கணக்குகளும் உண்டு. ஒரு விதி தன்னையே தனக்கு இரையாகக் கொடுத்துக்கொண்டால், கணக்கு செக்குமாடு போல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். சில கணக்குகள் ஒரு வழியில் சென்றால் முடியும். வேறு வழியில் சென்றால் முடியவே முடியா.

இக்குறையைப் போக்கும் முறையைச் சர்ச் 1940இல் அளித்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் 'இனம்' வகுத்தார். எண்ணைக் கேட்கும் விதிக்கு எண்ணையே கொடுக்க வேண்டும். ஐந்தையும் மல்லிகைப் பூவையும் யாரேனும் கூட்டுவார்களா? இனம் பொருந்தினால்தான் கணக்கே தொடங்கும். எண்ணாகத் தொடங்கிய கணக்கு இடையில் இனம் மாறாமல் எண்ணாகவே முடியும். எவ்வழியில் சென்றாலும் முடிந்தே தீரும் என்பதையும் பின்வந்தோர் நிறுவினர். 1978இல் ராபின் மில்னர் என்ற ஆங்கிலேய அறிஞர் இவ்வழியில் மேலும் சென்றார். இனம் பொருந்திய கணிப்பொறிக் கட்டளைகள் ஓடும்போது இனப் பிழையால் தடுமாறமாட்டா என்று அவர் காட்டினார்.

புகழ்பெற்ற ஆலன் டூரிங்கும் சர்ச்சிடம் பயின்று 1938இல் டாக்டர் பட்டம் பெற்றவரே. 1967க்குப் பின் சர்ச் கலிபோர்னியாவில் 1990 வரை, அதாவது எண்பத்தேழு வயது வரை, கற்பித்தார். 1995 ஆகஸ்ட் 11ஆம் நாள் மறைந்தார்.

அன்புத் தோழியரே! தம் மாணவர் சுட்டிய பிழையைச் சர்ச் மறைத்திருந்தால், லாம்டா கால்குலஸ் அன்றே மறைந்திருக்கும். ஏற்றுத் திருத்தியதால் அது இன்றும் வாழ்கிறது. நம் விடைத்தாளில் சிவப்பு மை காணும்போது இப்பெரியாரை நினைவிற் கொள்வோமாக!