குழந்தைகளின் ஆசான் மரியா மாண்டிசோரி

பினாங்கு, ஜார்ஜ்டவுன் நகரில் உள்ள பாலர் பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்னும் சொல்லைக் காணலாம். அஃது ஒரு கற்பித்தல் முறையின் பெயர் என்பதைப் பலர் அறிவர். அம்முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர் என்பதும், முதுமையில் சில ஆண்டுகளைத் தமிழகத்தில் கழித்தவர் என்பதும் பலர் அறியாத செய்திகளாகும்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில், 1896இல் ரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். பணியின்போது, மனநலக் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். அவர்கள் உணவு வேளை முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். உணவின்மீது கொண்ட ஆசையே அதற்குக் காரணம் என்று காப்பாளர் எண்ணினார். அம்மையாரோ அந்த அறையை உற்று நோக்கினார். கையில் எடுத்து விளையாட அங்கு வேறு எந்தப் பொருளும் இல்லை. குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, அறிவுப் பசி என்பதை அவர் உணர்ந்தார். காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. தொட்டும் அடுக்கியும் பயிலத்தக்க பொருள்களை அத்தகைய குழந்தைகளுக்கு அளித்துக் கற்பித்தார். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுத் தேர்விலும் தேறினர்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அங்கு, பத்துக் குழிகள் கொண்ட மரக்கட்டையும் அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளும் குழந்தைகளுக்குத் தரப்பட்டன. சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டால், இறுதியில் ஒரு பெரிய உருளை எதிலும் பொருந்தாமல் எஞ்சி நிற்கும். ஆசிரியர் திருத்துவதில்லை. குழந்தையே தவற்றின் விளைவைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடிச் சரிசெய்யும். உணவு பரிமாற உடையக்கூடிய பீங்கான் தட்டுகளும் கண்ணாடிக் குவளைகளுமே வைக்கப்பட்டன. கவனமின்றித் தூக்கினால் விழும், விழுந்தால் உடையும். இந்த உண்மையைக் கண்டிப்பைவிட அனுபவமே தெளிவாக உணர்த்தும் என்று அம்மையார் நம்பினார்.

முசோலினி அரசுடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டதால், 1934இல் அவர் தாய்நாட்டைவிட்டு வெளியேறினார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939இல் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால், மாரியோவை ஆங்கில அரசு தடுப்புமுகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறு வளாகத்தைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். இத்துயரத்திற்கிடையிலும் அம்மையாரின் பணி நிற்கவில்லை. பின்னர்க் கொடைக்கானலில் தங்கியபோது, குழந்தைகளுடன் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கவனித்தார். மண், நீர், கதிரவன், உயிர்கள் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் குழந்தைகள் உணரும் வகையில் தம் கல்விமுறையை விரிவுபடுத்தினார்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தில் அம்மையார் இயற்கை எய்தினார். குழந்தையின் செயலைக் கண்டதும் குறை கூறாமல், அதன் காரணத்தைத் தேடியவர் அவர். ‘ஏன்?’ என்று கேட்கும் குழந்தைக்கு உடனே விடையைக் கூறிவிடாமல், அதைத் தானே கண்டறியும் வாய்ப்பை நல்குவதே அவர் காட்டிய வழியாகும்.