மெர்டேக்கா அரங்கில் அலி

பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த என் தாத்தாவுக்கு மெர்டேக்கா அரங்கம் நடந்தே போகும் தூரம். 1975 ஜூலை முதல் நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, காலை வெயிலில் அங்கே முகமது அலி ஜோ பக்னருடன் மோதியதைப் பார்த்தவர் அவர். அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ!

அதுவே தம் கடைசிப் போட்டி என்று அலி கோலாலம்பூரிலேயே அறிவித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 33. வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1967-இல் பட்டத்தை இழந்தவர். மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாமல் இருந்தவர். 1974-இல் ஃபோர்மனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டவர். பக்னரையும் பதினைந்து சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார்.

அத்தோடு நின்றிருக்கலாம் என்பது என் கட்சி. தாத்தா ஒப்பமாட்டார். நின்றிருந்தால், மூன்றே மாதத்தில் மணிலாவில் ஃபிரேசியரை வென்ற அலியை உலகம் கண்டிருக்காதே என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்?

1977-இல் ஷேவர்ஸுடன் மோதிய பிறகு, அலியின் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கண்ட மருத்துவர் பச்சேக்கோ ஓய்வுபெறச் சொன்னார். பேச்சு எடுபடாததால் தாமே விலகிக்கொண்டார். அலி 1979-இல் ஓய்வை அறிவித்தும் மீண்டும் வந்தார். 1980 அக்டோபரில், 38 வயதில், தம்மோடு முன்பு பயிற்சி செய்த ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கினார். பயிற்சியாளர் டண்டீதான் சண்டையை நிறுத்தினார். மறு ஆண்டு பெர்பிக்கிடமும் தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3-ஆம் நாள், 74 வயதில் மறைந்தார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி சுடரேற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்த தாத்தா, அன்று முழுவதும் மெர்டேக்கா கதையை எடுக்கவே இல்லையாம். அம்மா சொன்னார்.