பச்சையப்ப முதலியாரும் வணிகப் பள்ளியும்

முத்துக்குளித்துறையின் ஏழு பட்டினங்களுள் வேம்பாரும் ஒன்று. முற்காலத்தில் இக்கரையிற் பிறந்த சிறுவன் வாணிகம் பயின்றது தந்தையின் பண்டசாலையிலேயாம். முத்தைத் தரம்பிரித்தலும், சங்கை எண்ணிக் கொடுத்தலும், கருப்பட்டிக்குக் கணக்கெழுதுதலும் அங்கேயே அவனுக்குக் கைவந்தன. தந்தையற்ற சிறுவனுக்கோ அவ்வாயில் அடைபட்டிருந்தது. அத்தகைய சிறுவன் ஒருவனே பின்னாளிற் பலர்க்கு வாயில் திறந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் பிறக்குமுன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலஞ்சென்றார். அன்னையார் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் அன்பர் ஒருவரின் ஆதரவில் மக்களை வளர்த்தனர். பின்னர்ச் சென்னையில் நாராயண பிள்ளை என்னும் துபாஷி அக்குடும்பத்தைத் தாங்கினார். ஆங்கிலமும் வாணிக நுட்பமும் பச்சையப்பருக்கு அவரிடத்தே வாய்த்தன. இளமையிலேயே துபாஷியாகித் தஞ்சைச் சீமையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். 1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தம் பொருளை அறத்திற்கென மரணசாசனம் எழுதிவைத்து, அம்மாதம் 31-ஆம் நாள், நாற்பது பிராயத்தில் உயிர்நீத்தார்.

எழுதிய அறம் உடனே நிறைவேறிற்றில்லை. அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கிக் கிடந்தது. அரசாங்க வழக்கறிஞர் காம்ப்டன் அதனைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுசென்றார். அவர்க்குப்பின் ஜார்ஜ் நார்ட்டன் துணைநின்றார். அதன் பயனாக 1842-ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கு ஒரு பாடசாலை எழுந்தது; 1850-இல் கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களையுடைய மண்டபமும் திறக்கப்பெற்றது. அத்தருமத்தினரே 1886-இல் வணிகப் பள்ளி ஒன்றை நிறுவினர். இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி அதுவே என்பர். பம்பாய் சிடனம் கல்லூரி தோன்றியது 1913-இல். கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் மேலாண்மைக் கழகங்கள் அமைந்தது 1961-இல். பண்டசாலைத் திண்ணையில் மைந்தர்க்கு மட்டும் கிட்டிய கலை, இவ்வாறு வகுப்பறைக்கு வந்து பொதுவாயிற்று.

ஆயினும், பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரையில் இந்து மாணவர்க்கே இடமிருந்தது. வேம்பார்க் கிறிஸ்தவச் சிறுவன் அவ்வாயிலுள் நுழைதற்கில்லை. சரிதம் எழுதுவோர் இக்குறையை மறைத்தல் முறையன்று. அறமும் காலத்தின் வேலிக்குள்ளேயே வளர்கின்றது என்பதை அது காட்டும்.

வணிகவியல் பயிலும் மாணவ நண்பர்காள்! பிறர் ஆதரவிற் பெற்ற கல்வியை அப்பெரியார் பிறர்க்கே திருப்பியளித்தார். அக்கடன் இன்று நம் பேரேட்டிலும் பற்றெழுதப்பட்டுள்ளது. அதனைத் தீர்க்கும் வழியை நாம் ஒவ்வொருவரும் தேடுவோமாக.