விதைநெல்லைக் காக்க முயன்ற தாய்: கேத்தே கோல்விட்ஸும் கல்லச்சும்

1924ஆம் ஆண்டு பேர்லினில் ‘பசி’ என்ற தலைப்பில் ஒரு படத்தொகுப்பு வெளியானது. ஏழு ஓவியர்கள், ஆளுக்கு ஒரு கல்லச்சுப் படம். முதலாம் உலகப்போரில் தோற்ற ஜேர்மனியில் அதற்கு முந்தைய ஆண்டுதான் நாணயம் அடியோடு பெறுமதியிழந்திருந்தது. காலையில் வாங்கிய சம்பளத்துக்கு மாலையில் பாண் கிடைக்காது. சர்வதேசத் தொழிலாளர் நிவாரண அமைப்புக்காக இந்த ஏழு பேரும் ஒன்றுசேர்ந்தார்கள். போர்முனையில் இயந்திரத் துப்பாக்கி பிடித்த ஒட்டோ டிக்ஸ், அதிகாரத்தில் இருந்தவர்களைக் கிண்டல் செய்து வரைந்து நீதிமன்றம் ஏறிய ஜோர்ஜ் குரோஸ், இளமையில் கல்லச்சுத் தொழிலையே பழகிய முதியவர் ஹைன்ரிக் சில்லே ஆகியோர் அவர்களில் அடங்குவர். அவர்களோடு கேத்தே கோல்விட்ஸ் என்ற ஒரு பெண்ணும் இருந்தார்.

அவர் கொடுத்த படத்தின் பெயர் ‘பாண்’. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு தாய். அவளைப் பற்றி இழுக்கும் இரண்டு பிள்ளைகள். நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் அந்த முதுகு விளங்கும்.

கல்லச்சு என்பது எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையில் நடக்கும் வேலை. மட்டமாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைய வேண்டும். வேலம்பிசினும் சிறிது அமிலமும் பூசிக் கல்லைப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை நனைத்து மையை உருட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டுமே மை பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஒரே கல்லிலிருந்து ஏராளமான பிரதிகள் எடுக்கலாம், மலிவாகவும் விரைவாகவும். ஓவியர் தனியே செய்யும் காரியமும் இல்லை இது; அச்சுக்கூடத்தில் கல்லை நனைப்பவர், மை உருட்டுபவர் கைகளும் சேர வேண்டும். கோல்விட்ஸ் பல தடவை வீட்டிலேயே காகிதத்தில் வரைந்து, அதை அச்சுக்கூடத்தில் கல்லுக்கு மாற்றுவித்தார்.

1867இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர் அவர். இன்று அந்த நகரம் ரஷ்யாவின் கலினின்கிராட். 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்ற வைத்தியரை மணந்து பேர்லினின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதிக்கு வந்தார். கணவரிடம் மருந்துக்கு வந்த பெண்களே அவரது படங்களில் வந்தார்கள். நெசவாளர் எழுச்சி பற்றிய ஆறு படங்களுக்காக 1898இல் அவருக்குப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டபோது, பேரரசர் இரண்டாம் வில்லியம் அதை மறுத்துவிட்டார். அந்த ஆறில் மூன்று கல்லச்சுப் படங்கள்.

1914இல் போர் வந்தது. இளைய மகன் பீற்றருக்கு 18 வயது. தானாக முன்வந்து படையில் சேரத் தகப்பனின் ஒப்புதல் தேவைப்பட்டது. கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் கேத்தேதான். ஒக்டோபர் மாதமே பெல்ஜியத்தில் பீற்றர் கொல்லப்பட்டான்.

பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் ஒன்று; தானும் சேர்ந்து அனுப்பிவைத்தேன் என்ற எண்ணம் வேறொன்று. இந்த இரண்டாவதைப் பற்றி நம்மிடையே வெளியில் பேசுபவர்கள் குறைவு. கோல்விட்ஸ் அதை ஒளிக்கவில்லை. மகனுக்கு நினைவுச்சிலை செய்ய அந்த ஆண்டே நினைத்தார். தொடங்கினார், கைவிட்டார், மறுபடி தொடங்கினார். முதலில் மகனின் உருவமும் அதில் இருக்க வேண்டும் என்றே எண்ணியிருந்தார். 1932இல் அது பெல்ஜியத்துப் போர்ச் சேமக்காலையில் நிறுவப்பட்டபோது மகன் அதில் இல்லை. முழந்தாளிட்ட தகப்பனும் தாயும் மட்டும், தனித்தனிக் கற்களாக. 18 ஆண்டுகள் எடுத்தன.

அந்த இடைக்காலத்தில்தான் அவர் கல்லச்சுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பட்டினியில் கிடந்த வியன்னாவுக்காக 1920இல் ஒரு சுவரொட்டி. ரஷ்யப் பஞ்சத்துக்காக 1921இல் இன்னொன்று. வெற்றுக் கிண்ணங்களை ஏந்தும் ஜேர்மன் குழந்தைகள் பிறகு வந்தார்கள். இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று கையுயர்த்தும் இளைஞரின் படம் 1924இல் வந்தது. கலைக்கழகத்துக்குள் நுழைந்த பெண் என்ற மதிப்பு அவருக்கு 1919இலேயே கிடைத்திருந்தது. ஆனாலும் அவர் சுவருக்கும் தெருவுக்கும்தான் வரைந்தார். அதை விளம்பர வேலை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கலைக்கழகத்திலிருந்து அவரை விலக வைத்தார்கள். 1936இல் கெஸ்டாப்போ வீடு வந்து விசாரித்தது. அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1940இல் கார்ல் இறந்தார்.

அடுத்த போரின் நடுவே, 74 வயதில், கடைசித் தடவையாகக் கல்லச்சுக்கு ஒரு படம் வரைந்தார். விதைநெல்லை அரைக்கக் கூடாது என்பது அதன் பொருள். கைகளை விரித்துச் சிறுவர்களைத் தன் போர்வைக்குள் அமுக்கி வைத்திருக்கிறாள் ஒரு தாய். பையன்களோ வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். விதை என்ற சொல்லை இறந்தவர்களோடு சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அவர் உயிரோடிருக்கும் பிள்ளைகளை விதைநெல் என்றார்.

1942 செப்டெம்பரில் மூத்த மகன் ஹான்ஸின் பிள்ளை கிழக்குப் போர்முனையில் கொல்லப்பட்டான். இறந்த சித்தப்பாவின் பெயரை வைத்திருந்தார்கள் அவனுக்கும், பீற்றர் என்று. 1943 நவம்பரில் பேர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. அங்கிருந்த படங்கள் பலவும் அதோடு போயின. அப்போது அவர் ஏற்கெனவே இடம்பெயர்ந்து நோர்ட்ஹவுசனில் இருந்தார். அங்கிருந்து மறுபடியும் இடம்பெயர்ந்து டிரெஸ்டனுக்கு அருகில் மொரிட்ஸ்பேர்க் சென்றார். 1945 ஏப்ரல் 22 அன்று அங்கே இறந்தார். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் 16 நாட்கள் இருந்தன.