ஓலே எவின்ரூட்

ஓலே எவின்ரூட் (ஏப்ரல் 19, 1877 - ஜூலை 12, 1934) நோர்வேயில் பிறந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய வெளிப்பொருத்து இயந்திரத்தை வணிக அளவில் முதன்முதலில் வெற்றிபெறச் செய்தவர் இவரே. இவர் தமது மனைவி பெஸ் எவின்ரூட்டுடன் இணைந்து தொழிலை நடத்தினார்.

இளமை

ஓலே நோர்வேயின் யோவிக் நகருக்கு அருகில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1882 இல், அவருக்கு ஐந்து வயதாகும்போது, குடும்பத்தினர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து விஸ்கொன்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரை அடுத்துக் குடியேறினர். அருகிலிருந்த ரிப்ளி ஏரி சிறுவயதிலேயே அவருக்குப் படகுகளின்மீது நாட்டத்தை உண்டாக்கியது. பதினாறாம் வயதில் மேடிசன் நகருக்குச் சென்று இயந்திரப் பட்டறையில் பணியாற்றினார். பொறியியலைத் தாமே நூல்களைப் படித்துக் கற்றுக்கொண்டார். பின்னர் பிட்ஸ்பர்க், சிகாகோ, மில்வாக்கி ஆகிய நகரங்களில் இயந்திரத் தொழிலாளியாக வேலை செய்தார்.

1900 முதல் பங்காளிகளுடன் சேர்ந்து இயந்திரங்கள் செய்யும் நிறுவனங்களைத் தொடங்கினார். அவை நிலைக்கவில்லை. இக்காலத்தில் மில்வாக்கியில் பெஸ் கேரி என்னும் பெண்ணைச் சந்தித்தார். இருவரும் 1906 இல் மணம் புரிந்தனர். இவர்களின் ஒரே மகன் ரால்ப் 1907 இல் பிறந்தார்.

இயந்திரத்தின் தோற்றம்

கோடைக்காலத்தில் ஒருநாள் ஒகாச்சி ஏரிக் கரைக்கு நண்பர்களுடன் சென்றிருந்தபோது, பெஸ் விரும்பிய பனிக்கூழை வாங்கிவர ஓலே துடுப்பு வலித்து ஏரியைக் கடந்தார் என்றும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அதுவே அவரைச் சிந்திக்க வைத்தது என்றும் கூறப்படுகிறது. எனினும் வெளிப்பொருத்து இயந்திரம் என்ற கருத்து அவருக்கு முன்னரே இருந்தது. 1896 அளவிலேயே அமெரிக்காவில் இத்தகைய இயந்திரங்கள் செய்யப்பட்டன. கேமரன் வாட்டர்மன் என்பவரும் எவின்ரூட்டுக்குச் சற்று முன்னதாகத் தமது இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உறுதியாக உழைக்கக்கூடிய ஒன்றைப் பெருமளவில் செய்து விற்றதே எவின்ரூட்டின் சாதனையாகும்.

அவரது முதல் மாதிரியைக் கண்ட பெஸ், அதனைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவிக்கு ஒப்பிட்டதாகக் கூறுவர். 1909 இல் விற்பனைக்கு வந்த இயந்திரம் 1.5 குதிரைத்திறன் கொண்டது; எடை 62 பவுண்டு (ஏறத்தாழ 28 கிலோகிராம்); விலை 62 டாலர். இதற்கான காப்புரிமை 1911 இல் வழங்கப்பட்டது.

அமைப்பு

எவின்ரூட்டின் இயந்திரத்தில் மாற்றித்தண்டு செங்குத்தாக நிற்கும். அதிலிருந்து கீழிறங்கும் தண்டின் முனையில் ஒரு சிறு சாய்வுப் பற்சக்கரமும், உந்துவிசிறியின் தண்டில் மற்றொரு சாய்வுப் பற்சக்கரமும் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும். இவ்வாறு சுழற்சி செங்கோணத்தில் திருப்பப்படுகிறது. இப்பற்சக்கரங்கள் நீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு சிறு பெட்டியில் அடங்கியுள்ளன. இந்த அமைப்பால் படகின் அடிப்பகுதியில் துளையிடாமலேயே இயந்திரத்தைப் பொருத்த முடிந்தது.

இன்றைய வெளிப்பொருத்து இயந்திரங்களிலும் இதே அடிப்படை உள்ளது. நீரில் மூழ்கியிருப்பதால் கீழ்ப்பெட்டியே அதிகக் கவனம் வேண்டும் பகுதியாகும். அதிலுள்ள கியர் எண்ணெயைப் பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவர். கீழ்த் திருகையும் மேல் திருகையும் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். அது பால்போல் வெளுத்திருந்தால் அடைப்பு வளையங்களின் வழியே நீர் புகுந்துள்ளது என்பது பொருள். அதனைச் சரிசெய்யாவிடில் பற்சக்கரங்களும் தாங்கிகளும் துருப்பிடித்துத் தேயும். குளிர்நாடுகளில் நீர் உறைந்து விரிவதால் பெட்டியே வெடிக்கக்கூடும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே செலுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியே வெளியேறும். மேல்துளையில் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகையும் பின்னர் கீழ்த் திருகையும் புதிய வளையங்களுடன் இறுக்குவர்.

தொழிலும் விலகலும்

பெஸ் கணக்கு, கடிதப் போக்குவரத்து, விளம்பரம் ஆகியவற்றைக் கவனித்தார். துடுப்புகளை எறிந்துவிடுமாறு படகோட்டிகளை அழைத்த விளம்பரம் அவர் எழுதியதாகும். ஸ்காண்டிநேவிய மீனவர்களிடமும் இயந்திரம் வரவேற்பைப் பெற்றது. 1913 அளவில் ஆலையில் ஏறத்தாழ 300 பேர் வேலை செய்தனர்.

ஆயினும் ஓயாத உழைப்பால் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. இதனால் ஓலே நிறுவனத்திலிருந்த தமது பங்கை விற்று, ஐந்து ஆண்டுகள் இத்தொழிலில் ஈடுபடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். வளர்ந்துவந்த நிறுவனமும் அதன் பெயரும் பிறர் கைக்குச் சென்றன. அவர் மனைவி, மகனுடன் பயணங்களில் காலத்தைக் கழித்தார்.

எல்டோ நிறுவனம்

ஒப்பந்தக் காலம் முடிந்ததும், பெருமளவில் அலுமினியத்தைப் பயன்படுத்தி, இரண்டு உருளைகள் கொண்ட 3 குதிரைத்திறன் இயந்திரத்தை உருவாக்கினார். இரு மடங்கு திறன் கொண்டிருந்தும் அதன் எடை 22 கிலோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. தமது சொந்தப் பெயரில் மற்றொருவர் நிறுவனம் நடத்திவந்தமையால், எல்டோ என்ற பெயரில் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். பெஸ் மீண்டும் நிருவாகத்தில் பங்கேற்றார். 1929 இல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் ஆகியவை ஒன்றிணைந்தன. ஓலே அதன் தலைவரானார். விற்றுவிட்ட பெயர் மீண்டும் அவரிடம் வந்துசேர்ந்தது.

இறுதிக் காலம்

இணைப்பைத் தொடர்ந்து பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. பெஸ் 1933 இல் காலமானார். ஓராண்டுக்குப் பின், 1934 ஜூலை 12 அன்று ஓலே தமது 57 ஆம் வயதில் மில்வாக்கியில் மறைந்தார். ரால்ப் பொறுப்பேற்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஜான்சன் நிறுவனமும் இதனுடன் சேர்க்கப்பட்டது. இக்குழுமம் 2000 இல் நொடித்துப்போனது. எவின்ரூட் வணிகப்பெயர் கனடாவின் பம்பார்டியர் நிறுவனத்திடம் சென்றது. 2020 இல் அப்பெயரில் வெளிப்பொருத்து இயந்திர உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும் தமிழ்நாடு, இலங்கை உட்பட உலகெங்கும் சிறு மீன்பிடிப் படகுகளை வெளிப்பொருத்து இயந்திரங்களே செலுத்துகின்றன.