தம்பி கென்னடியும் வியட்நாம் போரும்

கென்னடி என்று பெயர் வைத்தவர்கள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. பெரும்பாலும் அது அமெரிக்க அரசுத்தலைவர் ஜான் கென்னடியை நினைத்து வைத்த பெயர். அவருடைய தம்பி இராபர்ட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தானும் அண்ணனும் சேர்ந்து வளர்த்த ஒரு போரிலிருந்து நாட்டை வெளியே கொண்டுவர முயன்று, அந்த முயற்சியின் நடுவிலேயே உயிரிழந்தவர் அவர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் 1925ம் ஆண்டு நவம்பர் 20ம் தேதி பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. சிறுவயதில் பீடச்சிறுவராகப் பணி செய்தவர். மூத்த அண்ணன் ஜோசப் 1944ல் இரண்டாம் உலகப் போரில் விமானம் வெடித்து இறந்தார். போரின் விலை அந்த வீட்டுக்குத் தெரியும்.

1951ல் ஜானும் இராபர்ட்டும் சகோதரி பெட்ரிசியாவுடன் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தார்கள். இந்தியாவுக்கும் வந்தார்கள், வியட்நாமுக்கும் போனார்கள். அப்போது அங்கே போரிட்டுக் கொண்டிருந்தது பிரான்ஸ். அந்நிய ஆட்சிக்காக நடக்கும் சண்டையில் மக்களின் மனம் பிரெஞ்சுக்காரர்களோடு இல்லை என்பதை அந்தப் பயணத்தில் அவர்கள் கண்டார்கள். 1954ல் தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரான்ஸ் தோற்றது.

1961ல் ஜான் அரசுத்தலைவரானார், தம்பி நீதித்துறைத் தலைவரானார். அந்த ஆட்சி தொடங்கும்போது தென்வியட்நாமில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்கப் படை ஆலோசகர்கள், 1963 இறுதியில் ஏறத்தாழ 16,000 பேர் ஆனார்கள். 1962 பிப்ரவரியில் சைகோனில் நின்று, வெற்றி பெறும்வரை அமெரிக்கா அங்கேயே இருக்கும் என்று அறிவித்தவரும் இதே இராபர்ட்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் தன் கண்ணால் பார்த்தது அன்று அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

1963 நவம்பர் 22ல் அண்ணன் கொல்லப்பட்டார். 1965 தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் செனட் உறுப்பினராக இராபர்ட் பதவியேற்றார். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை டா நாங் கடற்கரையில் இறங்கியது. 1967 இறுதிக்குள் அங்கிருந்த வீரர்கள் 4,85,000 பேர்.

படைகளைத் திரும்ப அழைப்பதா கூடாதா என்ற வாதம் கத்தோலிக்கரையும் பிரித்தது. கம்யூனிச ஆட்சிக்கு அஞ்சி 1954க்குப் பின் வடக்கிலிருந்து தெற்கே ஓடிவந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அமெரிக்கா விலகினால் இவர்கள் கதி என்ன என்ற கேள்வி வெறும் சாக்கு அல்ல. நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன், வெற்றியைத் தவிர வேறெதையும் ஏற்கலாகாது என்ற நிலையில் இருந்தார். திருத்தந்தை ஆறாம் பவுலோ 1966 செப்டம்பரில் ஒரு சுற்றுமடல் எழுதி, அக்டோபர் மாதம் முழுவதும் அமைதிக்காகச் செபமாலை சொல்லும்படி கேட்டார். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று இரு தரப்பையும் அழைத்தார். இராபர்ட் அந்தப் பேராயரின் நகரத்தவர், அந்தத் திருத்தந்தையை 1967 தொடக்கத்தில் நேரில் சந்தித்தவர்.

1966 பிப்ரவரியிலேயே, எதிர்த்துப் போரிடும் தெற்கு விடுதலை முன்னணிக்கும் ஆட்சியில் பங்கு தந்து பேசலாம் என்று அவர் சொல்லியிருந்தார். கோழிக்கூண்டில் நரியை விடச் சொல்கிறார் என்று துணை அரசுத்தலைவர் ஹம்ப்ரி சாடினார். இராபர்ட் ஓராண்டுக் காலம் அடக்கியே பேசினார்.

1967 மார்ச் 2ம் தேதி செனட் அவையில் எழுந்தார். முதலில் அவர் பேசியது தன் பங்கைப் பற்றி. இந்தப் போருக்கு வழிவகுத்த முடிவுகளில் தானும் இருந்ததாக, பழி சொல்வதென்றால் தனக்கும் பங்குண்டு என்று ஒத்துக்கொண்டார். அரசியல்வாதி ஒருவர், அதுவும் கொல்லப்பட்ட அண்ணனின் ஆட்சியைப் பற்றி இப்படிப் பேசுவது எளிதல்ல. பிறகு, தாங்கள் அறியாத ஒரு நாடு அனுப்பிய விமானத்திலிருந்து நெருப்பு விழுவதைப் பார்த்து நிற்கும் ஒரு தாயையும் பிள்ளையையும் அவையின் கண்முன் நிறுத்தினார். வடவியட்நாம் மீது குண்டுவீச்சை நிறுத்த வேண்டும், ஒரு வாரத்துக்குள் பேச்சைத் தொடங்க வேண்டும், பன்னாட்டுப் படை வர வர அமெரிக்கப் படை படிப்படியாக விலக வேண்டும், எல்லாத் தரப்பினரும் பங்கேற்கும் தேர்தல் வேண்டும் என்பவை அவர் கேட்டவை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே ஓடிவர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அரசுத்தலைவர் ஜான்சன் அசையவில்லை. குண்டுகள் தொடர்ந்து விழுந்தன.

1968 சனவரி இறுதியில் டெட் புத்தாண்டுத் தாக்குதல் வந்தது. வெற்றி நெருங்கிவிட்டது என்ற பேச்சு அத்தோடு பொய்த்தது. போரை எதிர்த்து முதலில் களமிறங்கியவர், ஒருகாலத்தில் பெனடிக்ட் சபையின் நவசந்நியாசியாக இருந்த யூஜின் மெக்கார்த்தி. நியூஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் அவர் 42 விழுக்காடு பெற்ற பிறகே, மார்ச் 16ல் இராபர்ட் போட்டியை அறிவித்தார். பிறர் உழுத வயலில் அறுக்க வந்தவர் என்று இளைஞர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மார்ச் 31ல் ஜான்சன் தான் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றார்.

மே மாதம் ஒமாகா நகரில் இயேசு சபையினரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்திற்கு இராபர்ட் போனார். கல்லூரி மாணவருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து தரும் விலக்கு கூடாது என்றதும் மாணவர்கள் கூச்சலிட்டார்கள். உங்கள் நடுவே எத்தனை கறுப்பின முகங்கள் இருக்கின்றன, சுற்றிப் பாருங்கள் என்று அவர்களையே கேட்டார். படிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான் போருக்குப் போகிறான் என்பது அவர் வாதம். கைதட்டுக்காகச் சொல்லும் பேச்சல்ல அது.

ஜூன் 4ல் கலிபோர்னியாவில் வென்றார். அன்று நள்ளிரவு தாண்டி, லாஸ் ஏஞ்சலீஸ் ஓட்டல் ஒன்றின் சமையற்கூடத்தில் சுடப்பட்டார். தரையில் கிடந்தவரின் கையில் அங்கே வேலை செய்த ஓர் இளைஞர் தன் செபமாலையை வைத்தார். ஜூன் 6ல் இறந்தபோது அவருக்கு வயது 42. பதினோராவது பிள்ளை அந்த ஆண்டு டிசம்பரில்தான் பிறந்தது.

அமெரிக்கப் படை 1973 மார்ச்சில் விலகியது, 1975 ஏப்ரல் 30ல் சைகோன் வீழ்ந்தது. வாஷிங்டனின் நினைவுச் சுவரில் 58,000க்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 1968லும் அதன் பின்னரும் மாண்டவர்கள். வியட்நாம் மக்களில் இறந்தவர்களோ பல இலட்சம். தெற்கின் கத்தோலிக்கர் அஞ்சியதும் பொய்யாகவில்லை. சைகோனின் இணைப் பேராயராகப் புதிதாக நியமனம் பெற்ற நுயென் வான் துவான், அதே ஆண்டு ஆகஸ்டில் கைதாகிப் பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார்.